இசக்கியம்மாளின் ரத்தம்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் மூன்று பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பேச்சுவாக்கில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், கன்ட்ரோல் சரியா வரல்லன்னா அந்த எக்ஸ்பெரிமென்டயே தூக்கிப் போட்டுரலாம்தானே?" நான் காப்பி எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பேச்சு வேறெங்கோ போயிருந்தது. நீங்களும் அதை மறந்திருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. அதை நேருக்கு நேர் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் குழித்துறைக்காரி. திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்து இங்கேயே வேலையில் சேர்ந்து, இங்கேயே ஓய்வும் பெற்றவள். முப்பது வருஷத்துக்கு மேல் வெள்ளணுக்களோடுதான் வாழ்க்கை. நாங்கள் பின்தொடர்ந்தது ஏ20 என்ற ஒரே ஒரு புரதத்தை. உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இதைப் படிக்கப்போகிற வேறு யாருக்காவது தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். கிருமி உடம்புக்குள் வந்தால் அதை முதலில் கண்டுகொள்கிறவை விழுங்கு செல்கள். கண்டுகொண்டதும் செல்லின் ஓரத்திலிருந்து உட்கருவுக்கு ஒரு சைகை போகிறது. அது போய்ச் சேர்ந்ததும் செல், அழற்சியை உண்டாக்கும் பொருட்களை வெளியே கொட்டுகிறது. காய்ச்சலும் வீக்கமும் அதனால் வருபவை. வேலை முடிந்ததும் யாராவது அந்தச் சைகையை நிறுத்த வேண்டும். நிறுத்துகிறவற்றில் முக்கியமானது ஏ20. அதற்கான மரபணு நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அதில் ஒன்று பழுதானாலே போதும். கிருமி இல்லாத நாளிலும் உடம்பு தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் எலியின் செல்களில் எத்தனையோ தடவை பார்த்திருந்தோம். மனிதரில் பார்த்ததில்லை. அப்போதுதான் கழக்கூட்டம் பக்கத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து குழந்தை மருத்துவர் ஒருவர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை சேச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"சேச்சி, ஒரு தமிழ் குட்டி உண்டு. ஆறு வயசு. மாசா மாசம் பனி, வாய் நெறைய புண், முட்டு வீங்குது. எத்தனை ஆன்டிபயாட்டிக் கொடுத்தாச்சு. கிருமியே கிடைக்கல. எனக்கு ஒங்க புரோட்டீன் மேல ஒரு சம்சயம்." மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், முட்டு என்றால் முழங்கால்.

நானே ரத்தம் வாங்கப் போனேன். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும், அதுதான் காரணம். குழந்தையின் பெயர் தர்ஷினி. பக்கத்தில் அவளுடைய அம்மா இசக்கியம்மாள். வள்ளியூர்ப் பக்கத்து ஊர். கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியொன்றில் சமையல் வேலை. கணவர் சுடலைமுத்து கரமனையில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். இசக்கிக்கு முப்பது வயதுகூட இருக்காது. படிவத்தில் நான் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டாமல், நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள்.

"மேடம், இந்த ரத்தத்த வச்சு எம்புள்ளைக்கு மருந்து கண்டுபிடிப்பீங்களா, இல்ல ஒங்க படிப்புக்கா?"

"படிப்புக்குத்தான். ஆனா ஏதாவது வல்லதும் தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லுவோம்."

"அத எழுத்துல போட்டுருக்கா?"

போட்டிருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

இப்படிப் போய் எடுக்கும்போது நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் அதே நேரத்தில், அதே ஊசி வகையில் எடுத்து, அதே பெட்டியில் கொண்டுவர வேண்டும். வழியில் சூட்டிலோ குலுக்கத்திலோ செல்கள் கெட்டிருந்தால் அந்த ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதைத்தான் கன்ட்ரோல் என்கிறோம். அன்று கூட வரவேண்டிய எங்கள் ஆராய்ச்சி மாணவருக்கு உடம்பு சரியில்லை. யாரிடம் எடுப்பது என்று நான் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு இசக்கியே கையை நீட்டினாள்.

"எங்கையில எடுங்க மேடம். புள்ளையும் பயப்படாம இருக்கும்."

படிவத்தில் இருந்ததைக் கேட்டேன். "ஒங்களுக்கு ஒடம்புக்கு வல்லதும் உண்டா?"

"எனக்கு என்ன மேடம்? நாலு ஆள் வேலைய ஒத்தையில பாக்கேன்."

இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். முதலில் அம்மாவுக்கு எடுத்தோம். அதைப் பார்த்துவிட்டு தர்ஷினி, "வேதனிக்குமா அம்மா?" என்று கேட்டாள். "எறும்பு கடிச்சாப்புல இருக்கும்" என்றாள் இசக்கி. குழந்தை அழவில்லை.

கிளம்பும் முன் கேன்டீனில் மூவருமாக டீ குடித்தோம். இசக்கி தன் டீயை ஆறவிட்டு ஆறவிட்டு, கடைசியில் பச்சைத்தண்ணீர் மாதிரி ஆனபிறகு குடித்தாள். ஏன் என்று கேட்டேன்.

"வாய் வெந்து கெடக்கு மேடம். அது அப்பப்பம் வரும், போவும். எங்க அக்காவுக்கும் உண்டு. எங்க வம்சமே சூட்டு ஒடம்பு."

இதைக் கேட்டுக்கொண்டு நான் பிஸ்கட்டைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். எத்தனை வருஷம் படித்த ஆள் நான்! வாய்ப்புண்ணோடு வந்த குழந்தைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, அதன் அம்மா தனக்கும் வாய்ப்புண் என்கிறாள். என் காதில் அது சூட்டு உடம்பு என்றுதான் விழுந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தானே சொல்வோம். தெரிந்த பாஷையில் சொல்லப்பட்டதால் அதை நான் நோயாகக் கேட்கவில்லை. மலையாளத்திலோ இங்கிலீஷிலோ சொல்லியிருந்தால் ஒருவேளை எழுதி வைத்திருப்பேன்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டது. பங்குனி வெயில். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து எண்கள் வந்தன. குழந்தையின் செல்கள், சோதனைத் தட்டில் நாங்கள் எதுவும் சேர்க்காத குழியிலேயே அழற்சிப் பொருட்களைக் கொட்டியிருந்தன. கிருமி வந்ததாகக் காட்ட பாக்டீரியாவின் சுவர்ப்பொருளைச் சேர்த்த குழியில் எண் எகிறியிருந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் அம்மாவின் செல்களும் அதையே செய்திருந்தன. ஏறக்குறைய அதே அளவு.

எங்கள் ஆய்வகத் தலைவர் தாளைப் பார்த்தார். கடுமையாகப் பேசத் தெரியாத மனிதர். "வண்டி எவ்வளவு நேரம் நின்றது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அப்படியானால் இரண்டும் கெட்டுவிட்டது. இன்னொரு தடவை எடுத்துவிடலாம்" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நோட்டில் அந்த வரிசைகளின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, 'வழியில் கெட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இதுவரை நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இருக்கலாம். மீதியையும் கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் போனேன். இந்த முறை இசக்கிக்கு விடுதியில் லீவு கிடைக்கவில்லை. சுடலைமுத்துதான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிகம் பேசாதவர். மாவு பிசைந்து பிசைந்து முழங்கைவரை திரண்ட கை. கன்ட்ரோலுக்கு அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி ரத்தம் கொடுத்தாள். வரும்போது அன்றைக்கும் அதே நெடுஞ்சாலை. பாலத்துக்குக் கீழே ஒரு லாரி சாய்ந்து கிடந்தது. போன தடவையைவிடக் கூடுதல் நேரம் நின்றோம்.

இந்த முறை நர்ஸின் செல்கள் அமைதியாக இருந்தன. குழந்தையின் செல்கள் முன்போலவே கொட்டின.

உடனே குழந்தையின் மரபணுவை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சந்தேகம் சரியாக இருந்தது. ஒரு பிரதி பழுது. டாக்டர் மருந்தை மாற்றினார். இரண்டு மாதத்தில் தர்ஷினிக்குக் காய்ச்சல் நின்றது. அவள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடினாள் என்று டாக்டர் எனக்குப் போன் செய்து சொன்னபோது, ஆய்வகத்தில் எல்லோருக்கும் லட்டு வாங்கினேன். என் வேலையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வரவில்லை.

இதற்கெல்லாம் முன், நர்ஸின் எண்களைப் பார்த்த அன்று சாயங்காலம், ஆய்விதழுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்த எங்கள் ஏ20 கட்டுரைக்காகப் பழைய நோட்டைப் புரட்டினேன். கோடு போட்ட பக்கம் வந்தது. ஒரு நிமிஷம் கை நின்றது. அதே பெட்டி, அதே சாலை, இன்னும் அதிக நேரம். நர்ஸின் ரத்தம் கெடவில்லையே. அப்படியென்றால் இசக்கியின் ரத்தம் மட்டும் ஏன் கெட்டது?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். வந்த கேள்வியைத்தான் நான் விட்டேன். கட்டுரையைத் திருத்தி அனுப்பச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கெட்டது என்று நானே கையெழுத்திட்டதை நானே கெடவில்லை என்று எழுதினால், முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டிவரும். 'பெற்றோரின் மரபணுவையும் பார்க்கத்தானே போகிறார்கள், அப்போது தெரிந்துவிடும்' என்று நினைத்துக்கொண்டு நோட்டை மூடினேன்.

டாக்டர் பெற்றோரை அழைக்கத்தான் செய்தார். சுடலைமுத்து வந்து ரத்தம் கொடுத்தார், அவரிடம் ஒன்றுமில்லை. இசக்கி ஓணம் கழியட்டும் என்றாள். பிறகு விடுதியில் ஒரு ஆள் நின்றுவிட்டாள் என்றாள். ஒருநாள் டாக்டரின் அறையில் அவளை நானே பார்த்தேன். குழந்தைக்கு மருந்து வாங்க வந்திருந்தாள். மெலிந்திருந்தாள்.

"ஒங்க ரத்தம் இன்னும் குடுக்கலியே இசக்கி."

"குடுக்கேன் மேடம். இவளுக்குத்தான் சுகமாயிட்டுல்லா. எனக்கு என்ன அவசரம்? அடுத்த மாசம் வாரேன்."

"சரி, மறக்கண்டாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கையைப் பிடித்து அங்கேயே உட்கார வைத்திருக்கலாம். ஊசி பக்கத்து அறையில் இருந்தது.

அந்த அடுத்த மாதம் வரவில்லை. மூட்டுவலி என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாள் வேலைக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குடலில் புண் ஓட்டையாகியிருந்தது. அறுவைசிகிச்சை செய்தார்கள். நான்காம் நாள் போய்விட்டாள்.

டாக்டர் எனக்குப் போன் செய்தார். மலையாளத்தில் ஒரே வரிதான் சொன்னார்: "நம்மள் நோக்கியில்லல்லோ, சேச்சி." நாம் பார்க்கவில்லையே என்று. அவர் 'நாம்' என்றார். நோட்டில் நான் கோடு போட்ட பக்கத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது.

அன்றைக்கே ஆய்வகத்துக்குப் போய் உறைகலனைத் திறந்தேன். கெட்டது என்று எழுதியிருந்தாலும் இசக்கியின் செல்களில் மிச்சத்தை யாரோ பழக்கத்தால் குப்பியில் போட்டு உறையவைத்திருந்தார்கள். அதிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தோம். மகளிடம் இருந்த அதே பழுது, அதே இடத்தில்.

நோட்டைத் தலைவர் முன் விரித்து வைத்தேன். நர்ஸின் எண்களைப் பார்த்த அன்று எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நாம் டாக்டர்கள் இல்லை. ஆய்வுக்கென்று வாங்கிய ரத்தம். சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

"சார், தெரிந்தால் சொல்வோம் என்று படிவத்தில் விரல் வைத்துக் காட்டியவள் நான். இசக்கிக்கு ஊரில் ஒரு அக்கா இருக்கிறாள். அவளுக்கும் வாய்ப்புண் உண்டு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போய்ச் சொல். நான் தடுக்கமாட்டேன். கூட வர எனக்குத் தைரியமில்லை." அவரை நான் குறை சொல்லவில்லை. இல்லாத தைரியத்தை இருப்பதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து சுடலைமுத்து வேலைக்குத் திரும்பிய பிறகு கரமனைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கழிந்த நேரம். ஓட்டலுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்தபடி மாவு பிசைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈரத்துணியால் மாவை மூடிவிட்டு வெளியே வந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எண்களை, கோட்டை, நர்ஸின் ரத்தத்தை, நான் நோட்டை மூடியதை. அவர் கையில் ஒட்டியிருந்த மாவு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. அதை உரித்துக்கொண்டே இருந்தார்.

"இது எத்தன நாளா ஒங்க நோட்டுல கெடந்துச்சு?"

"பத்து மாசம்."

"பத்து மாசத்துல அவள ஒருக்கா பாத்திருக்கீங்க. டாக்டர் ரூம்புல. அவ வந்து சொன்னா, மேடம் மறக்காம ரத்தம் குடுக்கச் சொன்னாவன்னு. நல்ல மனுசின்னு சொன்னா."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அந்த இடத்தில் அதைக் கேட்டால், அவரிடமிருந்து இன்னும் ஒன்றை வாங்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும் என்று பட்டது. கேட்கவில்லை.

"இசக்கியோட அக்காவப் பாக்கணும். அவங்களுக்கும் இருக்கலாம். அதுக்காகவும்தான் வந்தேன்" என்றேன்.

அவர் உள்ளே போனார். மறுபடி மாவு அடிக்கிற சத்தம் கேட்டது. நான் பஸ் ஏறிவிட்டேன்.

அதிலிருந்து ஆறாம் நாள் டாக்டரின் அறை வாசலில் சுடலைமுத்து நின்றிருந்தார். பக்கத்தில் பேச்சியம்மாள், இசக்கியின் அக்கா. அவரே வள்ளியூர் போய் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவளுக்கும் அதே பழுது இருந்தது. குடலில் புண் ஆரம்பித்திருந்தது, நல்லவேளை, ஆழமில்லை. இன்றைக்கு அவள் ஊரில் நலமாக இருக்கிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு உண்டு. அதுவும் மருந்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கட்டுரையில் தலைவரின் சம்மதத்தோடு, கோடு போட்ட எண்களையும் நடந்ததையும் அப்படியே எழுதினோம். அதை எழுதியதற்காக யாரும் எங்களைத் தண்டிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். கன்ட்ரோல் சரியாக வராவிட்டால் தூக்கிப் போடலாம். பல நேரம் அதுதான் முறை. ஆனால் போடும் முன் அந்தக் குழாயில் எழுதியிருக்கும் எண்ணுக்குப் பின்னால் யார் என்று பாருங்கள். அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். படிவத்தில் கேட்கிற மாதிரி கேட்காதீர்கள். என்ன சாப்பிட முடிகிறது, என்ன முடியவில்லை, கூடப்பிறந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நோயில்லாதவர் என்று நாம் ஒருவரை உட்கார வைத்ததால் அவருக்கு நோய் இல்லாமல் போய்விடாது. கை ஒரு நிமிஷம் நின்றால் அந்த ஒரு நிமிஷத்தை விடாதீர்கள். அவசரமான கட்டுரை எதுவாக இருந்தாலும் அது காத்திருக்கும்.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது.

இந்த எட்டு வருஷமும் சுடலைமுத்து என்னிடம் பேசவில்லை. தர்ஷினியை மருத்துவமனைக்குக் கூட்டி வருவார். என்னைக் கண்டால் வெளியே மரத்தடிக்குப் போய்விடுவார். மகளை மட்டும் என்னிடம் பேச விடுவார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா வயிற்றுவலியில் போய்விட்டாள் என்றுதான் தெரியும். வீட்டில் தமிழ், மற்ற இடமெல்லாம் மலையாளம் என்று வளர்ந்தவள். போன மாதம் என் போனுக்கு அழைத்தாள்.

"ஆன்ட்டி, ஸ்கூல்ல பயாலஜி புராஜக்ட் உண்டு. என்டெ செல்லை மைக்ரோஸ்கோப்பில காட்டித் தருவீங்களா? டீச்சரோட பெர்மிஷன் எல்லாம் வாங்கியாச்சு."

எனக்கு ஓய்வு ஆகிவிட்டதென்றாலும் ஆய்வகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போனை வைக்கப் போனபோது, "இருங்க, அப்பா பேசணுமாம்" என்றாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. அவர் மகளிடமிருந்து தள்ளிப் போகிறார் என்று தெரிந்தது. பிறகு அந்தக் குரல்.

"அவளுக்கு வெவரம் தெரியுத வயசாயிட்டு. எனக்குச் சொல்லத் தெரியாது. சொன்னா கோவத்துல என்னத்தையாவது கூட்டிச் சொல்லிப்புடுவேன். நீங்களே சொல்லிருங்க. கூட்டாமக் கொறைக்காம."

"சொல்றேன்" என்றேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு தர்ஷினி ஆய்வகத்துக்கு வருகிறாள். உங்களில் சிலர் அன்று அங்கே இருப்பீர்கள். சிறிய அறை எங்கள் இருவருக்கும் வேண்டும். கொஞ்ச நேரம் யாரும் உள்ளே வராதீர்கள். நுண்ணோக்கிக்கு முன்னால் அவளை உட்கார வைப்பதற்கு முன்பே நான் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்ட பிறகும் அவள் பார்க்க விரும்பினால், உங்களில் யாராவது வந்து காட்டுங்கள்.